புலி பச்சையாகிவிட்டதா? சின்னப் பிள்ளைகளோடு காட்டு விலங்கு செய்யும்போது வரும் கோளாறுகள்

பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு சின்ன மழலையர் பள்ளியில், 3 வயதிலிருந்து 5 வயது வரைக்குமான 12 பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் கைவேலை சொல்லித் தருகிறேன். காட்டு விலங்குதான் அவர்கள் எப்போதும் கேட்பது. இந்த ஊரில் யானையும் குரங்கும் வெறும் புத்தக விலங்குகள் இல்லை, பக்கத்து டாப்ஸ்லிப் காட்டுக்குப் போய்வந்த பிள்ளை ஒன்றாவது கூட்டத்தில் இருக்கும், "மிஸ், யானைக் காது இவ்வளவு பெருசா இருக்காது" என்று நம்மையே திருத்தும்.

சிங்கம் செய்வது எப்படி, யானை செய்வது எப்படி என்று காட்டும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் நடுவழியில் சொதப்பும்போது என்ன செய்வது என்று அவற்றில் யாரும் சொல்வதில்லை, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மேசையில் என்ன நடந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு வந்தால் முதலில் விலங்கு செய்ய எடுத்த காகிதத் தட்டைப் பாருங்கள், அப்புறம் பசையைப் பாருங்கள், பெயிண்ட் காய்ந்ததா என்று பாருங்கள், பிள்ளையின் கையைக் கடைசியாகப் பாருங்கள். எனக்குக் கை வரைக்கும் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் வந்ததில்லை.

பெயிண்ட் தட்டில் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கிறது

தட்டில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தாமரை இலைத் தண்ணீர் கதைதான். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை, ஆனாலும் விசேஷ வீட்டில் மீந்தது என்று யாராவது ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். வேலையைத் தொடங்கும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் கழித்தும் சொட்டு அப்படியே உருண்டு நின்றால் அந்தப் பக்கம் உதவாது.

தட்டைத் திருப்பினால் பின்பக்கம் பெரும்பாலும் வெறும் அட்டையாக இருக்கும், அதில் நன்றாகவே பிடிக்கும். இரண்டு பக்கமும் வழுவழுப்பு என்றால் பெயிண்ட் எண்ணத்தையே விட்டுவிட்டு, மேலே மாஸ்கிங் டேப்பைக் கோணல்மாணலாக ஒட்டச் சொல்லுங்கள், டேப்பின் மேல் பெயிண்ட் நன்றாக ஏறும், டேப் கிழித்து ஒட்டுவது பிள்ளைகளுக்குத் தனிக் கொண்டாட்டம் வேறு. பெயிண்டில் வெள்ளைப் பசை கலந்து அடித்தால் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும்தான், காய்ந்ததும் தோல் உரிவதுபோல உரிந்தும் வரும்.

பாக்குமட்டைத் தட்டு நல்ல மாற்று, விலங்குத் தோல் மாதிரி வரி வேறு இயற்கையாகவே இருக்கும். ஆனால் பிள்ளைக் கத்தரியால் அதை வெட்ட முடியாது. வெட்டுகிற வேலை உங்களுடையது.

புலி பச்சையாகிவிட்டது

இது எனக்கு முதல் மாதமே நடந்தது. அழகாக மஞ்சள் அடித்தார்கள், உடனே கறுப்புக் கோடு போடக் கொடுத்தேன், 5 நிமிடத்தில் 12 புலியும் பாசி பிடித்த கிணற்றுச் சுவர் நிறத்தில் உட்கார்ந்திருந்தன. மஞ்சளும் கறுப்பும் ஈரமாகக் கலந்தால் பாசிப்பச்சைதான் வரும், பெயிண்ட் மேல் குற்றமில்லை. நான்தான் காயவிடவில்லை.

காயவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 4 வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எப்படிக் காயவிடுவது என்பதுதான் கேள்வி. மூன்று வழி வைத்திருக்கிறேன்.

முதலாவது, வரிசையைத் தலைகீழாக்குவது. கறுப்புக் கிரேயானால் முதலில் வரிகளை அழுத்திப் போடச் சொல்லுங்கள். அதன் மேல் மஞ்சளையோ ஆரஞ்சையோ மோர் பதத்துக்குத் தண்ணீராகக் கரைத்து அடிக்கட்டும். கிரேயான் மெழுகு தண்ணீரை ஏற்காது என்பதால் வரி அப்படியே தெரியும். இங்கே இரண்டு விஷயம் கெடுக்கும்: கிரேயானை லேசாகத் தடவியிருந்தால் மெழுகு போதாது, பெயிண்ட் தோசை மாவு பதத்தில் இருந்தால் வரியையே மூடிவிடும். இதே வித்தையை வரிக்குதிரைக்கு வைத்தால் இன்னும் ஜோர். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் கோடு போடச் சொல்லுங்கள், "ஒண்ணுமே தெரியல மிஸ்" என்பார்கள், மேலே நீர்த்த கறுப்பை அடித்ததும் வெள்ளை வரிகள் எழுந்து வரும்போது வகுப்பே கத்தும்.

இரண்டாவது, மஞ்சளில் முன்கூட்டியே கொஞ்சம் சிவப்புக் கலந்து ஆரஞ்சு ஆக்கிவிடுவது. புலி நிஜத்தில் ஆரஞ்சு நிறம்தான். ஆரஞ்சோடு கறுப்பு கலந்துபோனாலும் பழுப்புதான் வரும், பச்சை எட்டிப் பார்க்காது. மூன்றாவது, கறுப்பைப் பெயிண்டாகக் கொடுக்காமல் கறுப்புத் தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து ஒட்டச் சொல்வது. கிழித்த ஓரம் கத்தரித்த ஓரத்தைவிடப் புலிவரிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒருவர் புலி இன்னொருவர் புலி மாதிரி இல்லையே என்று யாராவது முகம் சுளித்தால், காட்டிலும் அப்படித்தான் என்று சொல்லுங்கள். இரண்டு புலிகளுக்கு ஒரே வரி இருப்பதில்லை, தானியங்கிக் கேமராப் படங்களில் வரியைப் பார்த்துத்தான் எது எந்தப் புலி என்று அடையாளம் கண்டு கணக்கெடுக்கிறார்கள்.

ஏற்கெனவே பச்சையான புலியை என்ன செய்வது? முழுக்கப் பச்சை அடித்து முதலை ஆக்குங்கள். நாங்கள் அன்று அதைத்தான் செய்தோம்.

எந்த நிறம் கொடுத்தாலும் கடைசியில் எல்லாம் சேற்று நிறம்

ஒரே நேரத்தில் நிறைய நிறம் வைத்துவிட்டீர்கள். ஒரு விலங்குக்கு இரண்டு நிறம், நிறத்துக்கு ஒரு தூரிகை, அந்தத் தூரிகை வேறு கப்புக்குப் போகக்கூடாது. அவ்வளவுதான். சேறாகிவிட்ட தாளைத் தூக்கிப் போடாதீர்கள், இன்னும் கொஞ்சம் கறுப்பு சேர்த்தால் கரடி கிடைக்கும். நம்மூர்க் கரடிக்கு நெஞ்சில் வெளுத்த நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு பட்டை உண்டு, வெள்ளைத் தாளில் அதை வெட்டி ஒட்டிவிட்டால் ஆரம்பத்திலேயே கரடிதான் செய்யப் போனோம் என்று நம்பிவிடுவார்கள்.

தாள் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்கிறது

ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் தாள் வளையும். மெல்லிய ஏ4 தாளைப் பெயிண்டுக்குக் கொடுக்காதீர்கள், சார்ட் அட்டை, பழைய காலண்டர் அட்டை, அல்லது பிஸ்கட் டப்பா அட்டையின் உள்பக்கம் போதும். சுருண்டதைச் சரி செய்ய, நன்றாகக் காய்ந்த பிறகு பின்பக்கம் ஈரத் துணியால் லேசாக ஒற்றி, நியூஸ் பேப்பருக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம் வைத்தால் மறுநாள் நேராகிவிடும்.

சிங்கத்துக்குப் பிடரி உதிர்கிறது

உல்லன் நூலைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்ட வைத்திருப்பீர்கள். நூல் பசையில் ஒட்டுவதற்கு முன் விரலில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளை கையை உதறும், சிங்கம் வழுக்கையாகும். நூலை மறந்துவிடுங்கள். தட்டின் ஓரம் முழுக்கப் பழுப்பு அடித்துக் காயவைத்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி 3 செ.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் நறுக் நறுக்கென்று வெட்டினால் பிடரி தட்டிலேயே இருக்கிறது, உதிர்வதற்கு எதுவுமில்லை. கத்தரி புதிதாகப் பிடிக்கிற 3 வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது, ஒரு கோட்டின் மேலேயே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எவ்வளவு தாறுமாறாக வெட்டினாலும் பிடரி பிடரிதான். ஆழம் தாண்டி முகத்துக்குள் வெட்டிவிடுவார்கள் என்று பயந்தால் தட்டின் உள்வட்டத்தில் தடித்த மார்க்கரால் ஒரு 'நிறுத்தக் கோடு' போட்டுக் கொடுங்கள்.

ஒரு பிள்ளை தட்டு முழுக்கக் கறுப்படித்துவிட்டு, பிடரிக்குச் சாம்பல் நிறம் கேட்டு, சிங்கம் கெட்டுப்போச்சு என்று உதட்டைப் பிதுக்கினான். கெடவில்லை, அது சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு, வால்பாறையில் ரோட்டோரத்திலேயே பார்க்கலாம்: கறுப்பு முகம், சுற்றிலும் வெள்ளி நிறப் பிடரி. பிடரியை வைத்துத்தான் அந்தப் பெயர் என்று நானே ரொம்ப நாள் நினைத்திருந்தேன், வாலின் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போன்ற குஞ்சம் இருப்பதால் வந்த பெயராம். அதனால் வாலுக்கு மறக்காமல் ஒரு குஞ்சம் கட்டுங்கள், உல்லன் நூலுக்கு அங்கே வேலை இருக்கிறது.

தும்பிக்கை விழுந்துகொண்டே இருக்கிறது

காகிதக் கப் யானை, தட்டு யானை இரண்டிலும் வரும் புகார். பசை மேல் பழி போடும் முன் தும்பிக்கையைக் கையில் எடுத்து எடை பாருங்கள். சார்ட் அட்டையில் நீளமாக வெட்டியிருந்தால் அதன் கனமே அதை இழுத்துவிடும். கிளேஸ் பேப்பர் மாதிரி மெல்லிய தாளை விசிறி மடிப்பாக மடித்தால் எடையும் குறையும், ஆடவும் செய்யும்.

வெள்ளைப் பசை ஒட்டியதும் பிடிக்காது, மெதுவாகத்தான் இறுகும், முழுசாகக் காய ஒரு நாள்கூட ஆகும். பிள்ளைகளோ ஒட்டிய மறுநொடி தூக்கிக் காட்டுவார்கள். ஒட்டிய இடத்தில் துணிக் கிளிப் ஒன்றைப் போட்டுவிட்டு, "யானைக்கு ஊசி போட்டிருக்கு, நாளைக்குத்தான் எடுக்கணும்" என்று சொல்லிவிடுவேன், யாரும் தொடமாட்டார்கள். பசைக் குச்சி தாளோடு தாளை ஒட்ட மட்டும்தான், தும்பிக்கையைத் தாங்க அதனால் ஆகாது.

வீட்டில் மைதா பசை காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பங்கு மைதாவை 4 பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சினால் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்தில் பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் போடுவார்கள், பாட்டி சொன்னார் என்று அதைப் பிள்ளைகளின் பசையில் போடாதீர்கள், அது விஷம். அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இது கோளாறு இல்லை, கண்ணில் உறுத்துவது. இணையத்தில் இறக்குகிற யானை அச்சுகள் முக்கால்வாசி ஆப்பிரிக்க யானை, காது முறம் மாதிரி இருக்கும். நம் யானைக்குக் காது சின்னது. தந்தமும் நம்மூரில் ஆண் யானைக்குத்தான் வெளியே தெரியும், பெண் யானைக்கு நீண்ட தந்தம் வராது. கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போய்வந்த ஒரு பெண் குழந்தை தந்தத்தை ஒட்டவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள், "இது அம்மா யானை" என்று காரணமும் சொன்னாள். அவள் சொன்னது சரி.

கை அச்சு யானை குழம்பிப்போகிறது

கையைப் பெயிண்ட் தட்டுக்குள் முக்கினால் குழம்பத்தான் செய்யும். பாத்திரம் தேய்க்கும் புதுப் பஞ்சைத் துண்டாக வெட்டி, அதில் பெயிண்டைத் தொட்டு உள்ளங்கையில் ஒற்றி எடுங்கள், தூரிகையால் தடவினால் கூச்சத்தில் கையை மடக்கிக்கொள்வார்கள். தாளை மேசையில் டேப் போட்டு அசையாமல் ஒட்டிவிட்டு, கையை வைத்ததும் ஒவ்வொரு விரலையும் மேலிருந்து நீங்களே அழுத்தி, நேராக மேலே தூக்குங்கள், இழுக்காதீர்கள். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பினால் நான்கு விரல் நான்கு காலாகவும் கட்டைவிரல் தும்பிக்கையாகவும் தெரியும். யானைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வேண்டுமானால் வலக்கை அச்சு வலப்பக்கம் பார்க்கும், இடக்கை அச்சு இடப்பக்கம் பார்க்கும், அதைக் கணக்கு வைத்து இடம் விடுங்கள். நகம் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு: நம் யானைக்கு வழக்கமாக முன்னங்காலில் 5, பின்னங்காலில் 4.

ஒட்டகச்சிவிங்கி குப்புற விழுகிறது

அட்டையில் உடலும் கழுத்தும் வெட்டி, துணிக் கிளிப் இரண்டைக் காலாக மாட்டுகிற மாதிரிதான் நாங்கள் செய்வது. விழுந்தால் முன் கிளிப்பைக் கழுத்துக்கு நேர் கீழே நகர்த்துங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். அப்படியும் விழுந்தால் வால் பக்கம் பின்னால் ஒரு உருண்டை களிமண். கழுத்தைக் குட்டையாக வெட்டிவிடலாமே என்று தோன்றும், பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கழுத்து நொய்ந்து மடிந்தால் ஐஸ் குச்சி ஒன்றைப் பின்பக்கம் ஒட்டுங்கள். அவ்வளவு நீளக் கழுத்திலும் எலும்பு 7தான், நம் கழுத்திலும் 7தான் என்று சொன்னால் எல்லோரும் தங்கள் பிடரியைத் தடவிப் பார்ப்பார்கள்.

பாம்பு நடுவில் அறுந்துவிட்டது

வட்டத் தட்டைச் சுருளாக வெட்டி நூலில் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் சுழலும் பாம்பு. அறுந்தால் பட்டை ஒல்லியாக இருந்திருக்கிறது, 3 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் சுருளைத் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து கொடுங்கள், மெல்லிய பென்சில் கோடு அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். வலக்கைப் பிள்ளைக்குக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டுகிற மாதிரி சுருள் இருக்க வேண்டும், இடக்கைப் பிள்ளைக்கு அப்படியே மாற்றி. இதைக் கவனிக்காமல் ஒரு இடக்கைப் பையனை 'இவனுக்குக் கத்தரி வராது' என்று நான் ஒரு மாதம் ஒதுக்கி வைத்திருந்தேன், இப்போது நினைத்தாலும் கூசுகிறது. இடக்கைக்கென்றே கத்தரி விற்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது கத்தரியைத் திருப்பாமல் தட்டைத் திருப்பச் சொல்லுங்கள்.

அறுந்துபோனது இரண்டு பாம்பு. ஒட்ட முயலாதீர்கள்.

இரண்டு கண் ஒட்டினோம், ஒன்றைக் காணோம்

இதை மட்டும் சிரித்துக் கடக்காதீர்கள். வேலையை நிறுத்திவிட்டு முதலில் தேடுங்கள்: மேசை, தரை, பிள்ளையின் கை, வாய், மூக்கு, காது. ஆடும் பிளாஸ்டிக் கண், பொத்தான், பாசிமணி எதுவும் 3 வயதுக்குக் கீழே வேண்டாம், எல்லாவற்றையும் வாயில் வைக்கும் பிள்ளை இருந்தால் அதற்கு மேலும் வேண்டாம். பட்டாணி, கொண்டைக்கடலை பாதுகாப்பு என்று நினைக்கிறோம், மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊறிப் பெருக்கும், நாமே குச்சி விட்டு எடுக்கப் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும். இருமல், மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள், 108.

குன்றிமணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பதால் அது வீட்டில் இருக்கும், சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகு, விலங்குக்குக் கண் வைக்கக் கை தானாக அதைத் தேடும். கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்தான விஷம் அதற்குள் இருக்கிறது. பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் அது இருக்கவே கூடாது.

எங்கள் வகுப்பில் கண்ணுக்குப் பெரிய வட்ட ஸ்டிக்கர் பொட்டுதான். கறுப்புப் பொட்டு கண், வெள்ளைப் பொட்டு புள்ளிமானுக்குப் புள்ளி. உரித்து ஒட்டுகிற வேலை விரலுக்கும் நல்லது. அதையும் எண்ணிக் கொடுத்து, எண்ணியே ஒட்ட வைக்கிறேன்.

பிள்ளை அழுகிறது, அல்லது தொடவே மாட்டேன் என்கிறது, அல்லது எழுந்து போய்விட்டது

அழுகை பெரும்பாலும் மேசை நடுவில் நீங்கள் செய்து வைத்திருக்கும் அழகான மாதிரியால் வருவது. "என்னோடது அப்படி இல்ல" என்று சொன்ன பிறகு சமாதானம் எடுபடாது. மாதிரியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, நிஜ விலங்கின் புகைப்படத்தைக் காட்டுங்கள். புகைப்படம் மாதிரி செய்ய முடியாது என்பது 4 வயதுக்கே தெரியும், அதனால் போட்டி வராது. அழுகிற பிள்ளையின் சிங்கத்தை வாங்கி நீங்கள் சரி செய்து கொடுக்கவும் வேண்டாம், அடுத்த வாரம் "நீங்களே செஞ்சு குடுங்க" என்று தாளை உங்கள் பக்கம் தள்ளிவிடும்.

பசையும் பெயிண்டும் கையில் பட்டால் அருவருக்கிற பிள்ளைகள் உண்டு, அது பிடிவாதம் இல்லை. பக்கத்தில் ஈரத் துணி வைத்துவிட்டு, தூரிகையோ பஞ்சோ கொடுங்கள், கை அச்சை வற்புறுத்தாதீர்கள், அவர்கள் துண்டுகளை டேப் போட்டு ஒட்டட்டும்.

எழுந்து போகிற பிள்ளை வேலையை முடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கணக்கில் பாதிதான் என்றாலும். மறுபடி வந்தால் மிச்சத்தைக் கொடுங்கள், வராவிட்டால் மூன்று கால் மான் மூன்று காலோடு வீட்டுக்குப் போகட்டும். வெட்டி வைப்பது, பிரித்து வைப்பதையெல்லாம் அவர்கள் உட்காரும் முன் நீங்கள் முடித்திருந்தால் இது பாதியாகக் குறையும், "இரு கண்ணு, கத்தரி எங்கேன்னு பாக்கறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் மேசை காலியாகிவிடும்.

மறுநாள் பார்த்தால் எறும்பு

மைதா பசை, அரிசி, ரவை, பருப்பு ஒட்டிய எதற்கும் வரும். கெட்டியாகப் பூசிய இடத்தில்தான் அதிகம் மொய்க்கும், மெல்லிசாகப் பூசி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தால் ஓரளவு தப்பும். மழைக்காலத்தில் காயாமல் பூஞ்சையும் பிடிக்கும், ஜூன் ஜூலையில் நான் மைதாவையே தொடுவதில்லை. மொய்த்துவிட்டால் மருந்து எதுவும் அடிக்காதீர்கள், அந்த விலங்கு சாயங்காலம் பிள்ளையின் தலையணைக்குப் பக்கத்தில் படுக்கப் போகிறது. வாசலில் வெயிலில் வைத்தால் எறும்பு தானாகக் கிளம்பிவிடும், பிறகு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளை கேட்கும்வரை காத்திருங்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள், எறும்பு தின்ற கரடி எங்கே என்று. காட்டுக்குப் போயிருச்சு என்றேன். எந்த பஸ்ஸில் என்று கேட்டாள்.